‘கீமோ வேண்டாம், மாத்திரை போதும்’னு டாக்டர் சொன்னா என்ன அர்த்தம்? மார்பகப் புற்றுநோய் மாத்திரையும் பனியன் கம்பெனி சம்பளமும்

மார்பகப் புற்றுநோய் எலும்புக்கோ, கல்லீரலுக்கோ பரவிவிட்டது என்று ஸ்கேனில் தெரிகிறது. கீமோதெரபிக்கு மனசைத் தயார்படுத்திக்கொண்டு போய் உட்கார்ந்தால், டாக்டர் ஒரு மாத்திரை எழுதித் தருகிறார். வீட்டில் இருப்பவர்களுக்கு உடனே வரும் சந்தேகம், ‘என்னங்க, அவ்வளவுதானா... கைவிட்டுட்டாங்களா?’ என்பதுதான்.

கைவிடவில்லை. சொல்லப்போனால், ஒரு குறிப்பிட்ட வகை மார்பகப் புற்றுநோய்க்கு இன்று உலகம் முழுக்க முதலில் கொடுக்கப்படுவதே மாத்திரைதான். பால்போசைக்ளிப், ரைபோசைக்ளிப், அபெமாசைக்ளிப் என்று வாயில் நுழையாத மூன்று பெயர்கள். மூன்றுக்கும் குடும்பப் பெயர் ‘சி.டி.கே 4/6 தடுப்பான்கள்’. திருப்பூரில் நீங்கள் தைத்துக்கொண்டோ, செக்கிங்கில் நின்றுகொண்டோ, மெர்ச்சண்டைசிங்கில் பையருக்கு மெயில் தட்டிக்கொண்டோ இருக்கலாம். வீட்டில் அம்மாவுக்கோ அக்காவுக்கோ இந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தால் அது என்ன செய்யும், என்ன செய்யாது, காசுக்கு எங்கே போவது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது

மார்பகப் புற்றுநோய் என்பது ஒரே நோய் இல்லை. கட்டியிலிருந்து சதை எடுத்துச் செய்யும் பயாப்சியில் மூன்று விஷயங்களைப் பார்ப்பார்கள்: ஈ.ஆர், பி.ஆர், ஹெர்-2. முதல் இரண்டும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள். இவை பாசிட்டிவ் என்றால் அந்தப் புற்றுநோய்க்கு ஹார்மோன்தான் சாப்பாடு. ஹெர்-2 நெகட்டிவாகவும் இருந்தால், அதுதான் இந்த மாத்திரைகளுக்கான ஆள். உலக அளவில் மார்பகப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவிகிதம் இந்த வகை. இந்தியாவில் விகிதம் கொஞ்சம் குறைவு, ஆனாலும் பெரும் பங்கு இதுதான். 2022-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாக உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பு சொல்கிறது.

எனவே, ‘பக்கத்து வீட்டு அக்கா இந்த மாத்திரையில நல்லாயிட்டாங்க, நமக்கும் கொடுங்க’ என்று கேட்பதில் அர்த்தமில்லை. அந்த மூன்று எழுத்துகளும் எப்படி வந்திருக்கின்றன என்பதுதான் முடிவு செய்யும். ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள், பேப்பர் தொலைந்துபோகும்.

செக்கிங் டேபிளில் நடக்கும் தில்லுமுல்லு

இந்த மாத்திரை வேலை செய்யும் விதம் பனியன் கம்பெனியில் இருப்பவர்களுக்குச் சீக்கிரம் புரியும்.

ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன்பு அதற்குள்ளேயே ஒரு செக்கிங் டேபிள் இருக்கிறது. அங்கே ‘ஆர்.பி’ என்ற புரதம் கறாரான செக்கர் மாதிரி நிற்கிறது. எல்லாம் சரியாக இருந்தால்தான் பீஸ் அடுத்த டேபிளுக்குப் போகும், செல் பிரியும். சி.டி.கே 4, சி.டி.கே 6 என்ற இரண்டு நொதிகளும் சைக்ளின் என்ற புரதத்தோடு கைகோத்து வந்து, ‘இது ஓகே, அனுப்பு’ என்று ஆர்.பி-யின் மேல் முத்திரை குத்தும். உடனே அது வழிவிடும். சாதாரண செல்லில் இந்த முத்திரை தேவைக்கு மட்டும் விழும். ஹார்மோனில் வளரும் புற்றுநோய் செல்லிலோ, ஈஸ்ட்ரோஜன் தூண்டிக்கொண்டே இருப்பதால் முத்திரை நிற்காமல் விழுகிறது. செக்கர் இருந்தும் இல்லாத மாதிரி. பீஸ் மேல பீஸ் போய்க்கிட்டே இருக்கும்.

லெட்ரோசோல் போன்ற பழைய ஹார்மோன் மாத்திரை ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைக் குறைக்கிறது. அதாவது, மெஷினுக்குப் போகும் கரன்ட்டைக் குறைப்பது. சி.டி.கே தடுப்பான், முத்திரை குத்தும் கையையே பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ‘புது மாத்திரை வந்துடுச்சே, பழசு எதுக்கு’ என்று லெட்ரோசோலை நிறுத்திவிடக் கூடாது. மாதவிலக்கு நிற்காத பெண்களுக்குச் சினைப்பையை ஓய்வில் வைக்க, வழக்கமாக 28 நாள்களுக்கு ஒருமுறை ஓர் ஊசியும் சேரும்.

இதற்கெல்லாம் தொடக்கம் கடல் முள்ளெலியின் முட்டை என்பது ஒரு வேடிக்கை. 1982-ல் டிம் ஹன்ட் அந்த முட்டைகளை ஆராய்ந்தபோதுதான் சைக்ளின் கண்ணில் பட்டது. 2001-ல் அவரும் லேலண்ட் ஹார்ட்வெல், பால் நர்ஸ் ஆகியோரும் மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள். 2015 பிப்ரவரியில் பால்போசைக்ளிப்புக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2017-ல் மற்ற இரண்டும் வந்தன.

எவ்வளவு காலம் தாங்கும்?

பரவிய நிலையில் இருக்கும் இந்த நோயை இந்த மாத்திரை முழுசாகக் குணப்படுத்தாது. கட்டுக்குள் வைக்கும். எத்தனை நாள் என்பதுதான் கேள்வி.

பலோமா-2 என்ற ஆய்வில் 666 பெண்கள் இருந்தார்கள். லெட்ரோசோல் மட்டும் எடுத்தவர்களுக்கு நோய் மறுபடி வளராமல் இருந்த இடைநிலைக் காலம் 14.5 மாதங்கள். பால்போசைக்ளிப்பும் சேர்ந்தபோது 24.8 மாதங்கள். இடைநிலை என்றால் பாதிப் பேருக்கு அதைவிட அதிகம், பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு. ‘உங்களுக்கு ரெண்டு வருஷம்தான்’ என்று கெடு வைப்பதாக இதைப் படிக்கக் கூடாது.

இங்கே ஒரு சிக்கல். நோய் வளராத காலம் வேறு, மொத்த ஆயுள் வேறு. பலோமா-2 ஆய்வில் மொத்த ஆயுள் தெளிவாகக் கூடியதாக நிரூபிக்கப்படவில்லை. ரைபோசைக்ளிப்பை வைத்துச் செய்த மோனலீசா-2 ஆய்வில் கூடியது: 51.4 மாதங்கள் என்பது 63.9 மாதங்கள் ஆனது. ஒரு வருஷத்துக்கு மேல். மாதவிலக்கு நிற்காத பெண்களிடம் செய்த மோனலீசா-7 ஆய்விலும் 48 மாதங்கள், 58.7 மாதங்களாகக் கூடியது. நம் ஊரில் நாற்பதுகளிலேயே இந்த நோயோடு வரும் பெண்கள் நிறைய என்பதால் இந்த இரண்டாவது கணக்கு முக்கியம்.

அப்போ ரைபோசைக்ளிப்பையே வாங்கிடலாமே? அங்கேதான் விலை குறுக்கே நிற்கிறது.

கோர்ட்டுக்குப் போன மாத்திரை

2022-ல் கேரளாவில் ஒரு பெண் நோயாளி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அவருடைய சிகிச்சைக்கு மாதம் 63 ஆயிரத்துக்கு மேல் செலவு. அதில் ரைபோசைக்ளிப்புக்கு மட்டும் சுமார் 58 ஆயிரம். காப்புரிமை ஒரே கம்பெனியிடம் இருப்பதால்தான் இந்த விலை, வேறு கம்பெனிகளும் தயாரிக்க அரசு கட்டாய உரிமம் கொடுக்கட்டும் என்பது அவர் கோரிக்கை. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, அதே ஆண்டு செப்டம்பரில் அவர் இறந்துபோனார். பிரச்னை ஒருவரோடு முடிவதில்லை என்று நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கைத் தொடர்ந்தது.

கட்டாய உரிமம் நடக்காத காரியம் இல்லை. 2012 மார்ச்சில் சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்துக்கு இந்தியா அதைக் கொடுத்தது. மாதம் சுமார் 2,80,000 ரூபாய்க்கு விற்ற மருந்தை நாட்கோ நிறுவனம் 8,800 ரூபாய்க்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆனால், அதுதான் இந்தியா கொடுத்த முதல் கட்டாய உரிமம். அதற்குப் பிறகு அந்தக் கதவு பெரிதாகத் திறக்கவே இல்லை. சட்டப் புத்தகத்தில் இருக்கும் வழியை இவ்வளவு தயக்கத்தோடு பயன்படுத்துவது நியாயமா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

பால்போசைக்ளிப் கதை வேறு. 2023 ஜனவரியில் இந்தியாவில் அதன் காப்புரிமைக் காலமே முடிந்தது. வரிசையாக இந்தியக் கம்பெனிகள் இறங்கின. அதுவரை மாதத்துக்குப் பல பத்தாயிரங்கள் விழுங்கிய மாத்திரை, சில ஆயிரங்களுக்குக் கிடைக்க ஆரம்பித்தது. ஆக, எளிதில் கைக்கு எட்டுகிற மாத்திரை ஒன்று, ஆயுளைக் கூட்டியதாக ஆய்வில் காட்டிய மாத்திரை இன்னொன்று. எதை எடுப்பது என்ற பேச்சை டாக்டரிடம் வெளிப்படையாகவே பேசுங்கள். ‘எங்களால மாசம் இவ்வளவுதான் முடியும்’ என்று சொல்வதில் கூச்சம் வேண்டாம். ரெண்டு மாசம் கடன் வாங்கி விலையுயர்ந்ததைச் சாப்பிட்டு மூணாவது மாசம் நிறுத்துவதைவிட, தொடர்ந்து வாங்க முடிகிற மருந்து மேல்.

நெதர்லாந்தில் 1,050 பேரிடம் ‘சோனியா’ என்ற ஆய்வு நடந்தது. சி.டி.கே மாத்திரையை முதல் கட்டத்திலேயே கொடுப்பதா, ஹார்மோன் மாத்திரை கைவிட்ட பிறகு இரண்டாம் கட்டத்தில் கொடுப்பதா என்று பார்த்தார்கள். இரண்டு கட்டமும் சேர்ந்த காலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இன்று வாங்க முடியாவிட்டால் எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது சொல்லப்பட வேண்டிய செய்தி. எல்லாருக்கும் தள்ளிப்போடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை, யாருக்குப் பொருந்தும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

உங்க இ.எஸ்.ஐ நம்பர் எங்கே?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ உண்டு. சம்பளத்தில் 0.75 சதவிகிதம் உங்களிடம் பிடிப்பார்கள், 3.25 சதவிகிதம் கம்பெனி கட்ட வேண்டும். இ.எஸ்.ஐ என்றாலே காய்ச்சல், சளிக்கு டிஸ்பென்சரியில் வரிசையில் நிற்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். புற்றுநோய் சிகிச்சையும் அதற்குள் வருகிறது. கோவை சிங்காநல்லூரில் இ.எஸ்.ஐ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் வருமான வரம்புக்கு உட்பட்டு சிகிச்சை உண்டு. அதாவது, நோய் அம்மாவுக்கு, கார்டு உங்களுக்கு என்றாலும் வழி இருக்கிறது. பெரிய சிகிச்சைகளுக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பலருக்குத் தெரியாதது இன்னொன்று. சாதாரண நோய்க்கு ஆண்டுக்கு 91 நாள்கள் வரை 70 சதவிகிதச் சம்பளம் தரும் இ.எஸ்.ஐ, புற்றுநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவிகிதச் சம்பளத்தை 2 ஆண்டுகள் வரை தருகிறது. தகுதிக்கு இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து இன்ஷூரன்ஸில் இருந்திருக்க வேண்டும், அதில் குறைந்தது 156 நாள்களுக்குச் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும்.

திருப்பூரில் இடிக்கும் இடமும் இதுதான். பீஸ் ரேட், கான்ட்ராக்ட், ஜாப் ஒர்க் என்று கம்பெனி மாறி மாறிப் போகிறவர்களின் பெயர் பல நேரம் எந்த ரெஜிஸ்டரிலும் இருக்காது. சனிக்கிழமை கையில் காசு வந்தால் போதும் என்று நாமும் கேட்பதில்லை. ‘இ.எஸ்.ஐ பிடிச்சா கையில கம்மியா வரும்’ என்று நாமே வேண்டாம் என்பதும் நடக்கிறது. மாதம் 15,000 ரூபாய் வாங்குபவருக்குப் பிடிக்கப்படுவது 112 ரூபாய் 50 பைசா. உமங் ஆப்பில் உங்கள் 10 இலக்க இன்ஷூரன்ஸ் எண்ணைப் போட்டு, சந்தா நிஜமாகவே கட்டப்படுகிறதா என்று இன்றைக்கே பார்க்கலாம். இ.எஸ்.ஐ இல்லாத, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைக் கேட்கலாம். இந்த மாத்திரை அதில் வருமா என்று மருத்துவமனையிலுள்ள காப்பீட்டு கவுன்ட்டரில் விசாரித்துவிடுங்கள்.

மாத்திரை என்றாலும் சாதாரணம் இல்லை

பால்போசைக்ளிப், ரைபோசைக்ளிப் இரண்டும் 21 நாள் தினமும் சாப்பிட்டு, 7 நாள் நிறுத்த வேண்டியவை. அந்த 7 நாள் மறதி இல்லை, எலும்பு மஜ்ஜைக்கு விடும் லீவு. அந்த லீவிலும் லெட்ரோசோல் நிற்காது. அபெமாசைக்ளிப்புக்கு லீவே கிடையாது, தினமும் இரண்டு வேளை. போனில் அலாரம் வைத்துத் தருவது பிள்ளைகள் செய்யக்கூடிய எளிய உதவி. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை ரெண்டாகப் போடக் கூடாது.

முடி மொத்தமாகக் கொட்டாது. ஆனால், முதல் இரண்டு மருந்துகளில் ரத்த வெள்ளையணுக்கள் நன்றாகக் குறையும். அதனால்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை எழுதுகிறார்கள். ‘ஒடம்பு நல்லாத்தானே இருக்கு, டெஸ்ட் எதுக்கு’ என்று காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுவிட்டு ஒன்றரை ஷிப்ட்டுக்குக் கிளம்புவது ஆபத்து, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரைபோசைக்ளிப் என்றால் இ.சி.ஜி-யும் உண்டு, இதயத் துடிப்பின் மின் ஓட்டத்தை அது மாற்றலாம். அபெமாசைக்ளிப்பில் வயிற்றுப்போக்குதான் பெரும் தொல்லை. மணிக்கணக்கில் மெஷினை விட்டு எழுந்திருக்க முடியாத வேலையில் இருப்பவர் என்றால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதுவும் கணக்கில் வரும்.

கல்லீரலில் இந்த மாத்திரைகளைக் கரைக்கும் நொதியை வேறு மருந்துகள் தூண்டிவிடலாம் அல்லது முடக்கிவிடலாம். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினும், வலிப்புக்கான ஃபெனிடாயினும் மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். சில பூஞ்சை மருந்துகளும் கிளாரித்ரோமைசினும் அதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். கிரேப்ஃபுரூட்டைத் தவிர்க்கச் சொல்வார்கள். நம் ஊர்க்காரர்கள் அதன் சொந்தக்காரப் பழமான பம்பளிமாஸையும் தள்ளி வைப்பது நல்லது. நாட்டு மருந்து, சூரணம் எதுவானாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். டாக்டர் திட்டினால் திட்டட்டும்.

ஒரு கட்டத்தில் புற்றுநோய் செல் வேறு வழி கண்டுபிடித்து, முத்திரை இல்லாமலேயே செக்கிங்கைத் தாண்டிவிடும். ஸ்கேனில் அது தெரிந்தால் கட்டியில் மரபணுச் சோதனை செய்யச் சொல்லலாம். பி.ஐ.கே-3-சி.ஏ என்ற மாற்றம் இருந்தால் அல்பெலிசிப் என்ற மாத்திரை இருக்கிறது. சர்க்கரையை எகிறவைக்கும் என்பதால் சுகர் உள்ளவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. ஈ.எஸ்.ஆர்-1 மாற்றத்துக்கான எலாசெஸ்ட்ரன்ட் 2023 ஜனவரியில்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இவை எதுவும் பொருந்தாதபோது கீமோ வரும்.