முடிவு தெரிந்த பந்தயம்

அமெரிக்காவின் பல வானொலி நிலையங்களில் வார இறுதி வந்தால் ஒரு பழைய நிகழ்ச்சி மீண்டும் ஒலிபரப்பாகிறது. அதன் பெயர் ‘அமெரிக்கன் டாப் 40’. 1980களில் கேஸி கேஸம் தொகுத்து வழங்கிய அதே நிகழ்ச்சி, அதே குரலில், நாற்பதாவது பாட்டில் தொடங்கி ஒன்றாவது பாட்டில் முடிகிறது. காலண்டரில் இப்போது எந்த வாரமோ, பெரும்பாலும் அதே வாரத்துக்கு உரிய பழைய நிகழ்ச்சியைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். 1983 ஜூலை நடுவில் முதலிடம் ‘தி போலீஸ்’ குழுவின் ‘எவ்ரி பிரெத் யூ டேக்’, இரண்டாமிடம் எடி கிராண்டின் ‘எலெக்ட்ரிக் அவென்யூ’ என்பதெல்லாம் தீவிர ரசிகர்களுக்கு மனப்பாடம். பாட்டுதான் வேண்டுமென்றால் கைபேசியில் நொடியில் கிடைக்கும். அப்படியிருக்க, முடிவு தெரிந்த பந்தயத்தை நான்கு மணி நேரம் ஏன் கேட்க வேண்டும்? பழசின் மீதான ஏக்கம் என்று இதைச் சுலபமாக ஒதுக்கிவிடுகிறோம். அது சரியல்ல என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். ஒரு காலத்தின் இசையை, ஜெயித்ததையும் தோற்றதையும் சேர்த்து, அது நடந்த வரிசையிலேயே காப்பாற்றி வைத்திருப்பவை இந்த வாரப் பட்டியல்கள். அவற்றை விடாமல் பின்தொடரும் ரசிகர்கள் செய்வது ஒருவகை வரலாற்றுப் பணி.

நிகழ்ச்சியின் அமைப்பைப் பார்த்தால் இது விளங்கும். 1970 ஜூலையில் ஏழே நிலையங்களில் தொடங்கியது ‘அமெரிக்கன் டாப் 40’. ‘பில்போர்டு’ வார இதழின் ‘ஹாட் 100’ பட்டியலில் முதல் நாற்பது பாடல்களைக் கீழிருந்து மேலாகச் சொல்லிக்கொண்டு போவதுதான் அதன் வேலை. ஆரம்பத்தில் மூன்று மணி நேரம். பாடல்கள் நீண்டுகொண்டே போனதால், நாற்பதையும் அடக்குவதற்காக 1978 அக்டோபரில் அதை நான்கு மணி நேரமாக்கினார்கள். நிகழ்ச்சியை முன்கூட்டியே பதிவு செய்து, எல்.பி. இசைத்தட்டுகளாக அச்சிட்டு, ஊர் ஊராக நிலையங்களுக்கு அனுப்பிவைத்தார்கள். டெட்ராய்ட் நகரில் லெபனான் வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்த கேஸம், 1988 ஆகஸ்ட் வரை அதன் குரலாக இருந்தார். பாடகரின் பெயரைச் சொல்லாமல் அவரைப் பற்றிய கதையை ஆரம்பிப்பார். நடுவில் விளம்பரம் போகும். திரும்பி வந்து கதையை முடித்துப் பெயரைச் சொல்லிப் பாட்டைப் போடுவார். நம் பக்கத்தில் இதற்கு முன்னோடி உண்டு. 1952இல் இலங்கை வானொலியிலிருந்து அமீன் சயானி தொடங்கிய ‘பினாகா கீத்மாலா’ இந்தித் திரைப்பாடல்களைப் படிப்படியாக ஏற்றிக் காட்டியது. ஒவ்வொரு இடத்தையும் அவர் ‘படி’ என்றே சொல்வார். எந்தப் பாட்டு எந்தப் படியில் என்று கேட்பதில் உள்ள சுவை, ஒரு மொழிக்கோ ஒரு நாட்டுக்கோ மட்டும் சொந்தமானதல்ல.

அந்தச் சுவை 1980களில் ரசிகர்களைக் கையில் பேனா எடுக்க வைத்தது. பில்போர்டு அடிப்படையில் இசை வணிகர்களுக்கான இதழ்; பள்ளிப் பிள்ளைகள் வாராவாரம் வாங்கிப் படிக்கக்கூடியதல்ல. வானொலி சொல்வதுதான் அவர்களுக்குப் பட்டியல். கோடு போட்ட நோட்டில் நாற்பது வரி. இந்த வாரம் எந்த இடம், போன வாரம் எந்த இடம், ஏறியதற்கு ஓர் அம்புக்குறி, இறங்கியதற்கு ஓர் அம்புக்குறி. கவனம் பிசகி ஓர் இடம் தவறினால் நோட்டில் ஒரு வரி காலி. பிரிட்டனில் பிபிசி ரேடியோ 1 ஞாயிறு மாலையில் தரவரிசையை வாசித்தபோது, அங்குள்ள பிள்ளைகள் கேசட் ரெக்கார்டரின் பொத்தானில் விரலை வைத்துக் காத்திருந்தார்கள். இந்த வீட்டுப் பதிவு இசையையே கொன்றுவிடும் என்று 1981இல் அந்நாட்டு இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் பிரசாரம் செய்தது. எலும்புகளின் மேல் கேசட்டை வைத்த படம் அதன் சின்னம். இசை சாகவில்லை. அந்தக் கேசட்டுகள்தான் அறிவிப்பாளரின் குரலோடு அந்த ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்துப் பிடித்துவைத்தன.

இப்படி வாராவாரம் பின்தொடர்ந்தவர்களுக்கு மட்டும் தெரியும் உண்மைகள் உண்டு. ‘சாஃப்ட் செல்’ இருவரணியின் ‘டெயின்டட் லவ்’ 1982 ஜனவரியில் ஹாட் 100க்குள் நுழைந்து, 64ஆம் இடம் வரை ஏறி, பிறகு சரிந்து சரிந்து கடைசி இடமான நூறுக்கே போனது. பொதுவாக அந்த இடத்துக்கு இறங்கிய பாட்டு அடுத்த வாரம் காணாமல் போகும். இதுவோ திரும்ப ஏறி, அந்தக் கோடையில் எட்டாம் இடத்தைத் தொட்டது. மொத்தம் 43 வாரம் பட்டியலில் இருந்தது. அன்றைக்கு அது சாதனை. ‘ஃபாரினர்’ குழுவின் ‘வெயிட்டிங் ஃபார் எ கேர்ள் லைக் யூ’ 1981 நவம்பர் முதல் பத்து வாரம் இரண்டாம் இடத்திலேயே நின்றது. ஒன்பது வாரம் ஒலிவியா நியூட்டன்-ஜானின் ‘ஃபிசிக்கல்’ வழிவிடவில்லை. அது இறங்கியதும் ஹால் அண்ட் ஓட்ஸ் பாட்டு ஒன்று முந்திக்கொண்டது. ‘யூபி40’ குழுவின் ‘ரெட் ரெட் ஒயின்’ 1984இல் 34ஆம் இடத்தோடு திரும்பிப்போய், நான்கு ஆண்டு கழித்து 1988 அக்டோபரில் முதலிடம் பிடித்தது. ‘80களின் சிறந்த பாடல்கள்’ என்ற எந்தத் தொகுப்பை வாங்கினாலும் இந்தப் பாடல்கள் கிடைக்கும். அந்த விழுந்து எழுந்த கதை கிடைக்காது. தொகுப்பு நமக்கு விளைச்சலை மட்டும் தருகிறது. பட்டியல் விதைப்பையும் வாடலையும் சேர்த்துக் காட்டுகிறது.

இது வெறும் ஏக்கம்தானே என்று கேட்பவர்களுக்குத் தெருக்கூத்தைக் காட்டலாம். அபிமன்யு சக்கரவியூகத்திலிருந்து திரும்ப மாட்டான் என்பது திடலில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் விடிய விடிய கூட்டம் கலைவதில்லை. முடிவை அறிய யாரும் அங்கே போவதில்லை. அந்த முடிவுக்குக் கதை எப்படி வந்து சேர்கிறது என்பதைக் கூடவே நடந்து பார்க்கப் போகிறார்கள். பழைய தரவரிசையைக் கேட்பவர் செய்வதும் அதையே. ஏக்கம் தனக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கிக்கொள்ளும். நாற்பது பாட்டையும், பிடிக்காததைத் தாண்டாமல், உட்கார்ந்து கேட்கிறவரிடம் ஏக்கத்துக்கு மேல் ஏதோ ஒன்று இருக்கிறது.

இதைவிட வலுவான ஆட்சேபம் வேறு. அந்தப் பட்டியலே நம்பத்தக்கதா? அன்று கடைகள் எத்தனை தட்டு விற்றது என்ற எண்ணிக்கையைத் தரவில்லை. எது அதிகம் விற்றது என்று வரிசைப்படுத்திச் சொன்னார்கள். நிலையங்களும் தாங்கள் ஒலிபரப்பிய பாடல்களைப் பற்றித் தாங்களே தகவல் கொடுத்தன. மனித மதிப்பீடு நுழைய நிறைய இடம் இருந்தது. 1991இல் பில்போர்டு கணினிவழி எண்ணிக்கைக்கு மாறியதும் ஆல்பம் பட்டியலின் முகமே மாறியது. கன்ட்ரி இசையும் ராப் இசையும் அதுவரை குறைத்து மதிப்பிடப்பட்டிருந்தன என்பது வெளிச்சமானது, ‘என்.டபிள்யூ.ஏ.’ என்ற ராப் குழுவின் ஆல்பம் அந்த ஜூனிலேயே முதலிடத்துக்கு வந்தது. விதிகளும் சிலதை வெளியே நிறுத்தின. மடோனாவின் ‘இன்ட்டு த குரூவ்’ 1985இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த பாட்டு. அமெரிக்காவில் அது இன்னொரு பாட்டின் மறுபக்கமாக மட்டுமே வெளிவந்ததால் ஹாட் 100இல் அதற்கு இடமே இல்லை. இவை உண்மையான குறைகள். ஆனால் பழைய ஆவணங்களில் பிழை இருக்கிறது என்பதற்காக வரலாற்று ஆசிரியர்கள் அவற்றைக் கொளுத்திவிடுவதில்லை. யாரைக் கணக்கில் எடுத்தார்கள், யாரை விட்டார்கள் என்பதே அந்தக் காலத்தைப் பற்றிய சாட்சியம். பட்டியல் முழுசாகக் கையில் இருந்தால்தான் விடுபட்டவரையும் கண்டுபிடிக்க முடியும்.

கலையை ஓட்டப்பந்தயமாக்கலாமா என்பது மூன்றாவது கேள்வி. எண்ணை வைத்துப் பாட்டின் தரத்தை அளந்தால் தவறுதான். பின்தொடர்ந்த ரசிகர்கள் எண்ணைக் கேட்பதற்கான ஒரு சாக்காகவே கொண்டார்கள். அது அவர்களைத் தாமாகத் தேடிப் போகாத இசையின் முன்னால் உட்காரவைத்தது. 1983 ஜூலை நடுவில் அந்த நாற்பதில் ஏறத்தாழ பாதி பிரிட்டிஷ் கலைஞர்களுடையவை. இரண்டாம் இடத்துப் பாட்டைப் பாடிய எடி கிராண்ட் கயானாவில் பிறந்தவர். தன் ஒரு பாட்டுக்காக ரேடியோவைத் திறந்தவர், மற்றவர்களின் முப்பத்தொன்பது பாட்டைக் கேட்க வேண்டியிருந்தது. நம் ரசனையைக் கணித்து நமக்குப் பிடித்ததையே திரும்பத் திரும்ப ஊட்டும் இன்றைய செயலிகளில் அந்த வாய்ப்பு சுருங்கிவிட்டது.

மறு ஒலிபரப்பில் சில நிலையங்கள் முதல் மணி நேரத்தை விட்டுவிட்டு, முப்பதாவது பாட்டை ஒட்டித் தொடங்குவதுண்டு. பிரபலமான பாடல்களெல்லாம் மேலேதானே இருக்கின்றன என்பது அவர்கள் கணக்கு. தீவிர ரசிகர்களோ நான்கு மணி நேரத்தையும் போடும் நிலையத்தைத் தேடிப் போகிறார்கள். நாற்பதாம் இடத்தில் ஒரே ஒரு வாரம் இருந்துவிட்டு அடுத்த வாரம் இறங்கிப்போன பாட்டு அந்த முதல் மணியில்தான் இருக்கிறது. அதை எந்தத் தொகுப்பும் சேர்க்காது, எந்தச் செயலியும் பரிந்துரைக்காது. அந்த வாரத்தின் நிகழ்ச்சியில் மட்டும் கேஸம் அதன் பெயரைச் சொல்லி, பாடியவரின் பெயரைச் சொல்லி, முதலிடத்துப் பாட்டுக்குக் காட்டும் அதே அக்கறையோடு அதைப் போடுகிறார்.