டெஸ்ட் பாஸ்... கம்பெனி ஃபெயில்!

ரத்தப் பரிசோதனை கம்பெனி கவிழ்ந்த கதை என்றாலே தெரானோஸ்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ், கறுப்பு டர்ட்டில்நெக், 900 கோடி டாலர் மதிப்பு, கடைசியில் சிறை. சினிமாவுக்கு நல்ல கதை. தொழில் தெரிந்துகொள்ள நினைப்பவருக்கு அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. பொய் சொன்னார்கள், மாட்டிக்கொண்டார்கள், அவ்வளவே. ஒழுங்காக வேலை செய்கிற கருவியைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு கம்பெனி மூழ்கியது எப்படி என்று பார்த்தால்தான் இந்தத் தொழிலின் கணக்கு புரியும். அந்தக் கம்பெனியின் பெயர் லூசிரா ஹெல்த்.

கலிஃபோர்னியாவில் எமரிவில் என்ற சிறு நகரத்துக் கம்பெனி அது. 2013-ல் டயாசெஸ் என்ற பெயரில் ஆரம்பித்தார்கள். வீட்டிலேயே ஃப்ளூ காய்ச்சலைக் கண்டுபிடிக்கும் கிட் செய்வதுதான் திட்டம். லேபில் செய்யும் பி.சி.ஆர். டெஸ்ட்டுக்கு மாதிரியை மாற்றி மாற்றிச் சூடாக்கிக் குளிர்விக்க வேண்டும், அதற்கொரு மெஷின் வேண்டும். ஜப்பானின் ஐகென் கெமிக்கல் கம்பெனி ஆய்வாளர்கள் 2000-ல் வெளியிட்ட ‘லேம்ப்’ முறைக்கு 65 டிகிரி அளவில் ஒரே சீரான சூடு போதும். அதை வைத்து, இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடி அரை மணி நேரத்தில் விடை சொல்லும் குட்டிப் பெட்டியை லூசிரா செய்தது. ஒரு தடவை பயன்படுத்திவிட்டுத் தூக்கிப் போட்டுவிடலாம்.

இப்படி ஒரு பெட்டி கடைக்கு வருவதற்கு முன் ஆகும் செலவைப் பாருங்கள். ரசாயனக் கலவை, பிளாஸ்டிக் அச்சு, பிறகு நோயாளிகளிடம் சோதித்து லேப் முடிவோடு ஒப்பிடும் ஆய்வு, அதன்பின் அரசு அனுமதி. ஃப்ளூ டெஸ்ட்டுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை: நோயாளிகள் குளிர்காலத்தில்தான் கிடைப்பார்கள். ஒரு குளிர்காலத்தைத் தவறவிட்டால் அடுத்த வருஷம்தான். அதுவரை விற்பனை பூஜ்யம், சம்பளமும் வாடகையும் மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும். எல்லாம் முதலீட்டாளர் பணம்.

கோவிட் வந்தது. அதே பெட்டியில் வேறு வைரஸைத் தேட வைத்தார்கள். 2020 நவம்பர் 17 அன்று மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ. அவசர கால அனுமதி கொடுத்தது. மாதிரி எடுப்பதிலிருந்து முடிவு பார்ப்பது வரை முழுக்க வீட்டிலேயே முடியும் கோவிட் டெஸ்ட்டுக்கு அந்த நாட்டில் கிடைத்த முதல் அனுமதி அது. விலை சுமார் 50 டாலர் இருக்கும் என்றார்கள். 2021 பிப்ரவரியில் பங்கு ஒன்று 17 டாலர் என்று ஐ.பி.ஓ. வந்து 15 கோடியே 30 லட்சம் டாலர் திரட்டினார்கள். இந்தக் கட்டத்தில் பார்த்தவர்களுக்கு எந்தக் குறையும் தெரிந்திருக்காது.

குறை வேறு இடத்தில் இருந்தது. டெஸ்ட்டைச் செய்துகொள்பவர் வேறு, அதற்குக் காசு கொடுப்பவர் வேறு. 2022 ஜனவரியில் அமெரிக்க அரசு வீட்டுக்கு 4 டெஸ்ட் கிட்டை இலவசமாகத் தபாலில் அனுப்பியது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஒரு நபருக்கு மாதம் 8 கிட் வரை காசு தர வேண்டும் என்றும் உத்தரவு போட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பட்டியலில் இல்லாத கடையில் வாங்கினால், கிட் ஒன்றுக்கு 12 டாலர் மட்டும் அந்தக் கம்பெனி கொடுத்தால் போதும். அரசின் பக்கம் பார்த்தால் நியாயமான ஏற்பாடுதான், சாதாரண ஆன்டிஜென் கிட்டுக்கு அந்தத் தொகை சரியாக இருந்தது. ஆனால், பி.சி.ஆர். தரத்தை ஒட்டிய முடிவைத் தரும் லூசிராவை வாங்க மீதிப் பணத்தை ஜனங்கள் தங்கள் பையிலிருந்து போட வேண்டியிருந்தது. எத்தனை பேர் போடுவார்கள்?

அடுத்த நம்பிக்கை, கோவிட், ஃப்ளூ இரண்டையும் ஒரே கிட்டில் பார்க்கும் டெஸ்ட். 2022 ஆகஸ்ட்டில் அனுமதி வரும், குளிர்காலத்தில் விற்றுத் தள்ளலாம் என்று கணக்குப் போட்டது லூசிரா. வீட்டு உபயோகத்துக்கான அனுமதி இழுத்தடித்தது. குப்பியில் இருந்த திரவம் வீட்டில் கொட்டினால் ஆபத்தா என்பது எஃப்.டி.ஏ.யின் கவலைகளில் ஒன்று. குழந்தைகள் உள்ள வீட்டுக்குப் போகும் பொருள், கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், பதில் கிடைப்பதற்குள் குளிர்காலம் போய்விட்டது, பணமும் தீர்ந்துவிட்டது. 2023 பிப்ரவரி 22 அன்று லூசிரா திவால் மனு போட்டது. பிப்ரவரி 24 அன்று அனுமதி வந்தது! பிறகு ஃபைசர் லூசிராவை 3 கோடியே 64 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஐ.பி.ஓ.வில் திரட்டியதில் கால் பங்குகூட இல்லை.

அமெரிக்க ராணுவத் துறையிடமிருந்து 48 கோடி டாலர் கான்ட்ராக்ட் பெற்ற சான் டியேகோவின் க்யூ ஹெல்த் கம்பெனியும் 2024 மே மாதம் கதவை மூடியது. கோவிட் போனதும் அதன் டெஸ்ட் கருவிக்கு வேறு வேலை தயாராக இருக்கவில்லை.

பிழைத்த கம்பெனிகள் எதை நம்பிப் பிழைத்தன? 1996-ல் தொடங்கிய செஃபைட் என்ற அமெரிக்க டெஸ்ட் கம்பெனி ஆண்டுக்கணக்கில் நட்டத்தில் ஓடியது. தபாலில் ஆந்த்ராக்ஸ் கிருமி அனுப்பப்பட்ட பீதிக்குப் பிறகு அமெரிக்கத் தபால் துறை அதன் தொழில்நுட்பத்தை வாங்கியது, அடுத்து காசநோய் டெஸ்ட் வந்தது. 2012-ல் நன்கொடை அமைப்புகள் சேர்ந்து பணம் போட்டு, ஏழை நாடுகளுக்கான காசநோய் டெஸ்ட் கார்ட்ரிட்ஜ் விலையை 16.86 டாலரிலிருந்து 9.98 டாலராக இறக்கின. விலை குறைந்தது, ஆனால் வருஷா வருஷம் வாங்கும் ஆள் உறுதியானார். 2016-ல் டனாஹர் கம்பெனி 400 கோடி டாலருக்கு செஃபைட்டை வாங்கியது. நம் ஊரில் கோவாவின் மால்பயோ போனதும் ஏறக்குறைய இதே பாதைதான். அதன் ‘ட்ரூநாட்’ காசநோய் டெஸ்ட்டை உலக சுகாதார நிறுவனம் 2020-ல் ஏற்றது, இந்திய அரசின் காசநோய்த் திட்டம் பெரிய வாடிக்கையாளர். 2022-ல் டெமாசெக் என்ற முதலீட்டு நிறுவனம் 8.5 கோடி டாலர் போட்டது.

தொடர்ந்து வாங்கும் ஆள் வேண்டும் என்ற இந்தக் கணக்கைப் பக்கத்துத் தெரு லேபில் கேட்டாலும் சொல்வார்கள். மாதிரிகளைச் சோதிக்கும் பெரிய அனலைசர் மெஷினைப் பல லேப்கள் விலை கொடுத்து வாங்குவதில்லை. கம்பெனி சும்மா கொண்டுவந்து வைக்கும், லேப் அதனிடமே டெஸ்ட்டுக்கான ரசாயனத்தை (ரீஏஜென்ட்) வாங்க வேண்டும் என்று சில ஆண்டுகளுக்கு ஒப்பந்தம். பிரின்டரை மலிவாகக் கொடுத்து இங்க்கில் பிடிப்பதுபோல. பெரிய கம்பெனிக்கு இது சுலபம். புதிதாக வந்தவருக்கோ முதல் 100 மெஷினும் சொந்தக் காசு, திரும்பி வருவது டெஸ்ட் டெஸ்ட்டாக, சொட்டுச் சொட்டாக. அரசு டெண்டர் கிடைத்தால் விற்பனைக் கணக்கு ஏறும், பில் பணம் வர மாதங்கள் ஆகலாம். லாபம் காட்டும் கம்பெனிகூடச் சம்பள நாளில் தடுமாறுவது இதனால்தான்.

டயக்னாஸ்டிக்ஸ் கம்பெனி எதுவும் ஐ.பி.ஓ.வுக்கு வந்தால், டெஸ்ட் எத்தனை சதவிகிதம் துல்லியம் என்ற பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். விற்பனையில் ஒரே வாடிக்கையாளரின் பங்கு எவ்வளவு, வர வேண்டிய பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது, கையிருப்புப் பணம் எத்தனை மாதத்துக்குக் காணும் என்பதெல்லாம் பின்பக்கங்களில் சின்ன எழுத்தில் இருக்கும். அதையும் படித்துவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.