பெயர் மாற்றாமல் மோட்டார் சைக்கிள் வாங்காதீர்கள்

போரால் புலம்பெயர்ந்து வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற நான் இப்போது ஹட்டனில் வசிக்கிறேன். பாவித்த 100 சிசி மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தேடியபோது தரகர் இரண்டு வழி சொன்னார்: பெயர் மாற்றாமல் ‘ஓபன் பேப்பரில்’ ஓடலாம், அல்லது தோட்டத்தில் தெரிந்த ஒருவரின் பெயரில் எடுக்கலாம். இரண்டுக்கும் நான் உடன்படவில்லை.

விபத்து நடந்தால் நாம் விமானம் ஏறிவிடலாம். பொலிஸ் தேடிப்போவது பதிவில் பெயருள்ளவரின் லயத்துக்கு. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, 2003இல் புதிய சட்டம் வரும்வரை காத்திருந்த குடும்பங்கள் இங்கே உண்டு. அவர்கள் தலையில் நம் வில்லங்கத்தையும் ஏற்றலாமா?

பணம் கொடுக்குமுன் இயந்திர, செசி இலக்கங்களைப் பதிவுச் சான்றிதழுடன் ஒப்பிடுங்கள். லீசிங் கடன் தீர்ந்ததா என்று பாருங்கள். பெயர் மாற்றத்துக்கு விற்பவர் எம்.டி.ஏ. 8, வாங்குபவர் எம்.டி.ஏ. 6 படிவம் நிரப்ப வேண்டும். வெளிநாட்டவர் காட்டவேண்டிய ஆவணங்களை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முன்கூட்டியே கேளுங்கள். கார் ஓட்டும் அனுமதி மட்டும் போதாது; அனுமதிப்பத்திரத்தில் மோட்டார் சைக்கிள் வகுப்பும் இருக்கவேண்டும். காப்புறுதியையும் வருமான அனுமதிப்பத்திரத்தையும் ஆண்டுதோறும் புதுப்பியுங்கள்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். இறக்கத்தில் நியூட்ரலில் விடாதீர்கள். சிறிய கியரில் இறங்கினால் பிரேக் சூடேறாது. மூடுபனியில் பகலிலும் விளக்கைப் போடுங்கள்.

2009இல் முள்ளிவாய்க்காலில் வண்டியையும் அதன் புத்தகத்தையும் விட்டுவந்தவர்களுக்கு, பெயர் எழுதிய ஒரு தாளின் பெறுமதி தெரியும்.