கடையின் ஞாபகம்

சிங்கப்பூர் ஆற்றுக்குத் தெற்கே, மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு காலத்தில் வரிசையாக இருந்த கிட்டங்கிகளில், தரையில் அமர்ந்து, மரப்பெட்டி ஒன்றையே மேசையாக வைத்துக்கொண்டு லேவாதேவி நடத்திய நகரத்தார்களைப் பற்றிப் பேசும்போது, அவர்களுடைய சிக்கனத்தையும் நாணயத்தையும் சொல்கிறவர்கள் பலர். அவர்களுடைய எழுத்துப் பழக்கத்தைச் சொல்கிறவர்கள் சிலரே. செட்டிநாட்டு முதலாளியின் பிரதிநிதியாகக் கொண்டுவிற்க வந்த மேலாள் பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்குக்கே வருவார். கணக்கு முடிந்ததும் ஊர் திரும்புவார். அவர் இருந்த பெட்டியடியில் வேறொருவர் வந்து உட்காருவார். கடன் வாங்கியவர் யார், தவணை தவறாதவர் யார், எதன்மேல் ஈடு, எவருடைய வாய்ச்சொல்லை நம்பலாம் என்பவையெல்லாம் போனவருடைய தலைக்குள்ளேயே தங்கிவிட்டிருந்தால், மூன்று வருஷத்துக்கு ஒரு முறை அந்த வியாபாரம் புதிதாகப் பிறக்க வேண்டியிருந்திருக்கும். அப்படி நேராமல் காத்தவை, பிள்ளையார் சுழியோடு தொடங்கிய பேரேடுகளும், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து அடுத்தாளாக உயரும் காலத்திலேயே அவற்றை எழுதவும் படிக்கவும் அவர்கள் பெற்ற பயிற்சியுமே ஆகும்.

தேக்காவிலும் அதைச் சூழ்ந்த தெருக்களிலும் இன்று கடை நடத்தும் சிறு வியாபாரிகள் பலரிடம் நான் காணும் பெரிய குறை, கடைக்கு என்று தனியாக ஒரு ஞாபகம் இல்லாமை. நாற்பது வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு, உள்ளே நுழைகிற அம்மாளின் மூத்த பெண்ணுக்கு எந்த வருஷம் கல்யாணம் நடந்தது, அதற்கு எந்த நிறத்தில் கூறைப்புடவை எடுத்தார்கள் என்பது வரை தெரியும். அவர் உடல்நலம் குன்றி வீட்டோடு இருக்க நேர்ந்து, மகனோ மருமகளோ அந்த நாற்காலியில் அமரும்போது, கடைக்கு வந்த அந்த அம்மாள் அந்நியராகிவிடுகிறார். இன்னொரு வகை நஷ்டமும் உண்டு. விசாரிப்புகள் எல்லாம் விற்பனைப் பெண் ஒருத்தியின் சொந்தக் கைப்பேசியில், அவளுடைய வாட்ஸ்அப் கணக்கில் சேர்ந்திருக்கும். அவள் வேறு கடைக்குப் போகும் நாளில், அல்லது வேலை அனுமதிக் காலம் முடிந்து ஊருக்கு விமானம் ஏறும் நாளில், கடையின் வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் அவளோடு போய்விடுகிறார்கள்.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் மளிகைக் கடைக் கடனை எழுதப் பயன்பட்ட, அட்டையில் 555 என்று அச்சிட்ட, ‘புக்கு திகா லிமா’ என்று எல்லா இனத்தாரும் அழைத்த அந்தக் கையடக்க நோட்டுப் புத்தகத்தை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த நோட்டு, கொடுக்க வேண்டிய பணத்தை நினைவில் வைத்தது. வந்தவர் எதைக் கேட்டார், எது இல்லையென்று திரும்பிப் போனார், மறுபடி எப்போது வருவார் என்பவற்றுக்கு அதில் இடம் இல்லை. தமிழில் வாடிக்கையாளர் உறவு மேலாண்மை என்றும், வியாபாரிகளின் பேச்சில் சி.ஆர்.எம். என்றும் வழங்குகிற மென்பொருள், சாராம்சத்தில், அந்த இடத்தை நிரப்புகிற ஒரு புத்தகந்தான்.

இத்தகைய மென்பொருள் பெரிய கம்பெனிகளின் சொத்தாக இருந்த காலம் நெடுந்தூரத்தில் இல்லை. அமெரிக்காவில் 1993-இல் தோன்றிய சீபெல் நிறுவனத்தின் மென்பொருளை வாங்கி அமைக்க, சொந்தக் கணினி அறையும் அதைப் பராமரிக்க ஆட்களும் வேண்டும். 1999-இல் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ், மென்பொருளை இணையத்தின் வழியாக மாத வாடகைக்குக் கொடுக்கும் முறையைப் பிரபலமாக்கிற்று. அந்த வாடகையைச் சிறு வியாபாரிக்கும் எட்டும் அளவுக்கு இறக்கியவர்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் முன்வரிசையில் நிற்கிறார்கள் என்பது நமக்குப் பெருமை தரும் விஷயம். ஸ்ரீதர் வேம்புவும் டோனி தாமஸும் 1996-இல் நிறுவிய அட்வென்ட்நெட் 2005-இல் ஸோஹோ சி.ஆர்.எம். என்ற மென்பொருளை வெளியிட்டது. 2009-இல் நிறுவனத்தின் பெயரே ஸோஹோ ஆயிற்று. பிற்பாடு தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையிலும் அதன் அலுவலகம் எழுந்தது. மிகச் சிறிய வியாபாரங்களுக்கென்றே 2020-இல் அவர்கள் ‘பிகின்’ என்ற எளிய மென்பொருளையும் கொண்டுவந்தார்கள். கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் 2010-இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று வளர்ந்து, 2021 செப்டம்பரில் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. தென்காசி வட்டாரத்திலும் சென்னையிலும் இருக்கும் நம்மவர் கைபட்ட கணக்குப் புத்தகத்தில், கேம்பல் லேனில் இருக்கும் நம்மவர் தம் வாடிக்கைக்காரரின் பெயரை எழுதலாம் என்னும் காலம் வந்திருக்கிறது.

இதனால் விற்பனை எப்படிப் பெருகும் என்று கேட்பவருக்குப் பொதுப்படப் பேசிப் பிரயோஜனமில்லை. பஃப்ளோ சாலையில் ஒரு புடவைக் கடை இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். தாயும் மகளும் நடத்துகிறார்கள். உதவிக்கு இரண்டு பேர். கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க விரும்பும் குடும்பம் முதல் நாளிலேயே வாங்கிவிடுவதில்லை. பார்ப்பார்கள், விலை கேட்பார்கள், படம் பிடித்துக்கொள்வார்கள், பெரியம்மாவிடம் காட்டிவிட்டு வருகிறோம் என்பார்கள். அவர்களில் திரும்பி வராதவர்கள் ஏன் வரவில்லை என்பதை அந்தக் கடை ஒருநாளும் அறியாது. சி.ஆர்.எம். வைத்திருக்கிற கடையில், அந்தக் குடும்பத்தின் பெயருக்கு எதிரே, விசாரித்தது, விலை சொன்னது, முன்பணம் வந்தது, ரவிக்கை தைக்கப் போனது, சரக்கு கொடுத்தது என்று வியாபாரத்தின் படிகள் வரிசையாக இருக்கும், விலை சொல்லி ஐந்து நாளாகியும் அடுத்த படிக்கு நகராத பெயரை மென்பொருள் காலையில் எடுத்துக் காட்டும், மகள் அழைத்து, “அக்கா, அன்றைக்குப் பார்த்த அரக்கு நிறப் புடவையை உங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறேன், பெரியம்மாவை அழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறீர்களா?” என்று கேட்பாள். இந்த ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்பதற்காக மட்டுமே அந்த மென்பொருளுக்கு வாடகை கொடுத்தாலும் தகும் என்பது என் அபிப்பிராயம்.

அதைவிடப் பெரிய அனுகூலம் ஒன்றைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. கேட்டுக் கிடைக்காமல் போனதை எழுதி வைப்பதுதான் அது. கல்லாப் பெட்டி விற்றதை மட்டுமே சொல்லும். இல்லையென்று சொல்லி அனுப்பிய சொற்கள் காற்றோடு போய்விடும். ‘சுங்குடி கேட்டார், இல்லை’, ‘குழந்தைக்குப் பட்டுப் பாவாடை, ஆறு வயது அளவு, இல்லை’ என்று ஒவ்வொரு ‘இல்லை’யையும் பெயரோடு சேர்த்துக் குறித்துவந்தால், மூன்று மாதம் கழித்து மதுரைக்கோ காஞ்சிபுரத்துக்கோ கொள்முதலுக்குப் பிரயாணப்படுகிற அம்மாளின் கையில், யார் சொல்லியும் கிடைக்காத ஒரு ஜாபிதா இருக்கும். அதிலே உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் வாங்குபவர் ஏற்கெனவே பெயரோடு காத்திருக்கிறார். பல மாடிகளில் எல்லாவற்றையும் அடுக்கி விற்கிற முஸ்தபா பேரங்காடியின் எதிரிலும், கைப்பேசித் திரையில் நள்ளிரவிலும் விற்கிற இணையக் கடைகளின் எதிரிலும், நான்கு பேர் வேலை செய்யும் கடைக்கு மிஞ்சியிருக்கிற பலம் மனிதரை அறிந்திருப்பதே. அந்த அறிவைச் சேமிக்காமல் விடுவது கல்லாவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவதற்குச் சமம்.

ஆனால் இந்த மென்பொருள்களின் அமைப்பு நம் வழக்கங்களை அறிந்து உருவானதல்ல. அதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. அவற்றில் பல, குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் மேலே போகவிடா. நமக்கோ குடும்பப் பெயர் இல்லை. தகப்பனார் பெயரை ஒருவர் அங்கே எழுதுவார், மற்றொருவர் தம் பெயரையே எழுதுவார், ஒரே மனிதர் இரண்டு பேராகப் பதிவாகிவிடுவார். லட்சுமி என்ற பெயரை ஆங்கில எழுத்தில் இங்கே நான்கு விதமாக எழுதுகிறார்கள். ஆகவே பெயரை நம்பாமல், கைப்பேசி எண்ணையே அடையாளமாகக் கொண்டு தேடும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கடையில் ஏற்படுத்த வேண்டும்.

காலக் கணக்கிலும் இதே சங்கடம். சென்ற ஆண்டு இதே தேதியில் வாங்கியவருக்கு இந்த ஆண்டும் நினைவூட்டுக என்று மென்பொருளுக்குக் கட்டளையிடலாம். தீபாவளியோ 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. ஆங்கிலத் தேதியை நம்பி நினைவூட்டுகிற கடையின் செய்தி, முறுக்கும் அதிரசமும் தீர்ந்து, சாலையின் அலங்கார விளக்குகளைக் கழற்றுகிற சமயத்தில் போய்ச் சேரும். ஹரி ராயாப் பெருநாள் வருஷத்துக்குச் சுமார் 11 நாள் முன்னே நகரும். ஆடியில் கல்யாணம் இல்லை. ஆவணிக்கும் தைக்கும் வேண்டிய ஜவுளியையும் மாலையையும் சமையலையும் பேசி முடிக்கிற மாதங்கள் அவற்றுக்கு முன்னால் வருகின்றன. இந்தப் பஞ்சாங்கத்தைக் கடைக்காரரே ஆண்டுதோறும் உட்கார்ந்து மென்பொருளில் ஏற்ற வேண்டும். அரைநாள் வேலை, ஆனால் அந்த அரைநாளில்தான் அந்நிய யந்திரம் நம்முடைய கடையின் யந்திரம் ஆகிறது.

செலவைப் பற்றிச் சில வார்த்தைகள். ஆரம்பத்தில் செலவே வேண்டியதில்லை. 2018-இல் வெளிவந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியிலேயே, ‘விலை சொன்னது’, ‘முன்பணம் வந்தது’ என்று வாடிக்கைக்காரர்மீது வண்ண அட்டைகள் ஒட்டிவைக்கும் வசதி உண்டு. ஸோஹோ முதலிய நிறுவனங்கள் ஒருசிலர் மட்டும் உபயோகிக்கிற சிறு கடைகளுக்கு இலவசப் பதிப்பும் வைத்திருக்கின்றன. மூன்று மாதம் அப்படி எழுதிப் பழகிய பிறகே கட்டணப் பதிப்பைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பேன். அப்போது அரசாங்கத்தின் உதவியும் இருக்கிறது. என்டர்பிரைஸ் சிங்கப்பூர் அமைப்பு பிறந்த 2018-ஆம் ஆண்டிலேயே தொடங்கிய, பி.எஸ்.ஜி. என்று வியாபாரிகள் சொல்கிற உற்பத்தித்திறன் மானியம், முன்கூட்டியே அங்கீகரித்த மென்பொருள்களின் செலவில் ஒரு பங்கை ஏற்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் 80 சதவிகிதம் வரை உயர்ந்திருந்த அந்தப் பங்கு 2023 ஏப்ரலில் 50 சதவிகிதம் ஆயிற்று. கடை இங்கே பதிவாகி இங்கே நடக்க வேண்டும். உள்ளூரார் பங்கு குறைந்தது 30 சதவிகிதம் இருக்க வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முன்பு விற்பனையாளரோடு ஒப்பந்தம் செய்துவிடவோ பணம் கட்டிவிடவோ கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையை அறியாமல் மானியத்தை இழக்க நேரிடலாம். மானியம் கிடைக்கிறதே என்பதற்காக வாங்கிவிட்டுத் திறந்தே பாராமல் விடுவது இன்னும் வருத்தத்துக்குரியது. பாதி விலைக்கு வாங்கினாலும் உபயோகிக்காத பொருள் முழு நஷ்டமே. வாங்கும்போது ஒரு கேள்வியை அவசியம் கேட்க வேண்டும்: நாளைக்கு இதை விட்டுவிட்டால், என் வாடிக்கைக்காரர் பட்டியல் முழுவதையும் எக்செல் கோப்பாக எடுத்துக்கொண்டு போக முடியுமா? முடியாது என்றால் அந்தப் பேரேடு நம்முடையது ஆகாது.

பிறருடைய விவரங்களைச் சேர்த்து வைப்பதில் ஒரு பொறுப்பும் இருக்கிறது. 2012-இல் நிறைவேறிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கிய விதிகள் 2014 ஜூலை 2 முதல் நடப்பில் உள்ளன; விளம்பர அழைப்பும் செய்தியும் வேண்டாம் என்பவர்களுக்கான பதிவகம் அந்த ஆண்டு ஜனவரியிலேயே வந்துவிட்டது. நால்வர் வேலை செய்கிற கடையும் தகவல் பாதுகாப்புக்குப் பொறுப்பாக ஒருவரை நியமித்தாக வேண்டும். அதிர்ஷ்டக் குலுக்கலுக்கு அடையாள அட்டை எண்ணை எழுதி வாங்கும் பழைய வழக்கத்துக்கு 2019 செப்டம்பர் 1 முதல் இடமில்லை. மீறினால் அபராதம் பத்து லட்சம் வெள்ளி வரை போகலாம். ஆயினும் அபராதத்துக்கு அஞ்சி இதைச் செய்ய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஓர் அம்மாள் தம் பெண்ணின் கல்யாணத் தேதியை நம்மிடம் சொல்வது நம்பிக்கையால். அந்தத் தேதியை வேறொருவருக்குக் கைமாற்றுவதும், அந்த எண்ணுக்கு வாரம் மூன்று தள்ளுபடி அறிவிப்பு அனுப்புவதும் அந்த நம்பிக்கைக்குச் செய்கிற துரோகம். செய்தி அனுப்பலாமா என்று கேட்டு, சரி என்று அவர் சொன்னதையும் சொன்ன தேதியையும் அவர் பெயருக்கு எதிரேயே எழுதி வைப்பது நலம். வேண்டாம் என்றால் அன்றே நிறுத்திவிட வேண்டும்.

மீதி எல்லாம் எழுதுகிற சிரத்தையைப் பொறுத்தது. நாளும் கடை கட்டுவதற்கு முன் பத்து நிமிஷம்; அன்று வந்தவர், கேட்டது, கொடுத்தது, இல்லையென்றது, அடுத்து அழைக்க வேண்டிய நாள். முதல் மாதம் அது வீண் வேலையாகவே தோன்றும், ஏனென்றால் எழுதியதெல்லாம் அப்போது நமக்கே ஞாபகம் இருக்கும். அந்த எழுத்து நாம் மறந்த பிறகு நமக்கும், நாம் இல்லாத நாளில் பிறருக்கும் உதவுவதற்காக இருக்கிறது.

நம் கற்பனைக் கடைக்கு மறுபடி வருவோம். தாயார் ஊருக்குப் போயிருக்கிறார், மகளுக்குக் காய்ச்சல், ஒரு வாரத்துக்கு முன்புதான் வேலையில் சேர்ந்த பெண் கடையில் தனியாக இருக்கிறாள். மதுரையிலிருந்து வந்த கட்டைப் பிரித்து, சுங்குடிப் புடவைகளை அலமாரியில் அடுக்கிவிட்டு, கைப்பேசியில் ‘சுங்குடி’ என்று தேடுகிறாள். நான்கு மாதத்துக்கு முன் எழுதிய ஒரு குறிப்பு வருகிறது: பச்சை நிறம் கேட்டார், தாயாருக்கு எண்பதாவது பிறந்தநாள், செய்தி அனுப்பச் சம்மதம் உண்டு. அந்தப் பெண் அவரைப் பார்த்ததே இல்லை. பச்சையில் மூன்றைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு அழைக்கிறாள். “வணக்கம் அக்கா, அம்மாவுக்கென்று கேட்டிருந்தீர்களே, இன்றைக்குத்தான் வந்தது.”