இருட்டில் ஏறும் வெப்பம்

துருவப் பகுதி என்றதும் வெண்பனியும் வெள்ளைக் கரடியும் நம் நினைவுக்கு வரும். அங்குக் குளிர்காலத்தில் சூரியன் பல வாரங்கள் எழுவதே இல்லை. ஆனால், வட துருவ வட்டாரத்தில் அந்த இருட்டுக் காலத்தில்தான் வெப்பநிலை மிக வேகமாக உயர்ந்து வருகிறது. வியப்பாக இல்லையா?

நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்ட் தீவுகளைப் பாருங்கள். அங்கு அக்டோபர் இறுதியில் மறையும் சூரியன் பிப்ரவரி நடுவில்தான் மீண்டும் தலைகாட்டும். 1971 முதல் 2017 வரை அங்கு ஆண்டுச் சராசரி வெப்பநிலை 3 முதல் 5 பாகை செல்சியஸ் வரை கூடியது. அதிலும் குளிர்காலத்து உயர்வே மிகுதி.

சூரியன் இல்லாமல் சூடு எங்கிருந்து வருகிறது? கடலிலிருந்துதான்! காற்று உறைநிலைக்குக் கீழே 30 பாகைக்கு இறங்கினாலும், பனிக்கட்டிக்கு அடியில் உள்ள கடல்நீர் ஏறத்தாழ 2 பாகைக்கு மேல் இறங்காது. சோற்றுப் பானைக்கு மூடி போல, கடலின் வெப்பத்தைப் பனிக்கட்டி அடக்கி வைத்திருக்கிறது. நிலக்கரியும் பெட்ரோலியமும் எரிவதால் உலகம் சூடாகி, அந்த மூடி சுருங்கி வருகிறது. கோடையில் கடல் வாங்கிய வெப்பம் குளிர்காலத்தில் வெளியேறுகிறது. குளிர்ந்த, கனத்த காற்று தரையை ஒட்டியே தங்குவதால் அந்த வெப்பமும் மேலே பரவாமல் கீழேயே நிற்கிறது.

தென் துருவத்தில் நிலைமை இடத்துக்கு இடம் மாறும். அண்டார்டிகத் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் உள்ள வெர்னாட்ஸ்கி நிலையத்தில், 1950 முதல் 2006 வரை குளிர்கால வெப்பநிலை பத்தாண்டுக்கு ஏறக்குறைய 1 பாகை உயர்ந்தது. கிழக்கில் உள்ள உயர்ந்த பனிமேட்டில் அவ்வளவு வேகம் இல்லை. அங்குள்ள வோஸ்டாக் நிலையத்தில்தான் 1983 ஜூலையில் உறைநிலைக்குக் கீழே 89.2 பாகை பதிவானது.

‘குளிர் நாடு கொஞ்சம் சூடானால் நல்லதுதானே’ என்று சிலர் எண்ணலாம். ஸ்வால்பார்ட்டில் இப்போது நடுக்குளிரிலும் மழை பெய்கிறது. அந்த நீர் தரையில் கண்ணாடிபோல் உறைந்துவிடுகிறது. பனியைக் காலால் கிளறிப் புல் தின்னும் பனிமான்கள், அந்தக் கட்டியை உடைக்க முடியாமல் பட்டினி கிடக்கின்றன.

மனிதனுக்கும் இதில் பாடம் உண்டு. உலகப் பயிர்களின் விதைகளைக் காப்பதற்காக, 2008-இல் அங்கு உறைநிலத்தைக் குடைந்து ஒரு பெட்டகம் திறந்தார்கள். நாம் உண்ணும் நெல்லின் பல ரகங்களும் அதில் உள்ளன. 2016 அக்டோபரில் பனி உறைய வேண்டிய நேரத்தில் கனமழை பெய்து, நுழைவுச் சுரங்கத்தில் நீர் புகுந்தது. நல்ல வேளையாக விதைகளுக்குச் சேதமில்லை. பிறகு சுரங்கத்தை நீர் புகாதபடி திருத்திக் கட்டினார்கள்.

என்றும் உருகாத குளிர் என்று நம்பி விதைநெல்லை வைத்த இடத்துக்கே காவல் தேவைப்பட்டுவிட்டது. துருவத்தின் குளிர் நமக்குத் தொலைவில் இருக்கலாம். அது காக்கும் நெல் நம் சோற்றுத் தட்டில் இருக்கிறது.