‘எழும்பி நட’ என்று எல்லாருக்கும் சொல்லலாமா?

சிக்குன்குனியா வந்துபோய் மாதக்கணக்கான பின்னும் சிலருக்கு மூட்டுவலியும் அசதியும் விடுவதில்லை. 2006 கடைசியில் அந்தக் காய்ச்சல் இலங்கையில் பரவியபோது மன்னாரும் தப்பவில்லை. கொரோனாவுக்குப் பிறகும் இப்படிக் களைத்தவர்கள் உண்டு. “படுத்தே கிடந்தால் உடம்பு கெட்டுப்போகும், எழும்பி நட” என்பார்கள் வீட்டில். பலருக்கு அது சரிதான். ஆனால் இவர்களில் நாட்பட்ட களைப்பு நோய் உள்ளவர்களுக்கு அதுவே கெடுதலாகலாம்.

இந்த நோயின் முக்கிய அடையாளம், உடலை வருத்திய பின் வரும் சரிவு. மன்னாரின் பேசாலையில் கருவாடு போடும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை உடம்பு கொஞ்சம் பரவாயில்லை என்று மீன் வெட்டி, உப்பிட்டு, வெயிலில் பரப்பிவிடுகிறார். அன்றிரவு ஒன்றுமில்லை. செவ்வாய் பின்னேரம் தொண்டை நோகிறது, கால் கனக்கிறது, வெளிச்சத்தில் கண் கூசுகிறது. பிறகு ஒரு வாரம் படுக்கைதான். ஒரு நாள் பிந்தி வருவதால் எது காரணம் என்று அவருக்கே பிடிபடாது. பார்ப்பவர்களோ சோம்பல் என்பார்கள்.

பயிற்சியை வாரா வாரம் கூட்டினால் இவர்களும் தேறுவார்கள் என்று பிரிட்டனில் நெடுங்காலம் நம்பினார்கள். 641 பேரை வைத்து நடத்திய ‘பேஸ்’ ஆய்வு 2011இல் அதற்குச் சான்றாக வந்தது. உடலியக்கத்தில் 65 புள்ளியோ அதற்குக் குறைவோ எடுத்தவர்களை நோயாளிகளாகச் சேர்த்துவிட்டு, பின்னர் அதே அளவுகோலில் 60 எடுத்தாலே உடலியக்கத்தில் தேறியதாக வைத்துக்கொண்டார்கள். இப்படிக் கணக்குப் போட்டால் எந்த வைத்தியமும் பலிக்கும்! ஆய்வின் தரவுகளைக் கேட்டு நோயாளிகள் விடவில்லை; 2016இல் தீர்ப்பாய உத்தரவால் அவை வெளியே வந்தன. 2021இல் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் ‘நைஸ்’ அமைப்பு, குறித்த அளவில் கூட்டிக்கொண்டே போகும் பயிற்சியை இந்த நோய்க்குக் கொடுக்கக் கூடாது என்று தன் வழிகாட்டியை மாற்றியது. இதே சரிவு வரும் நீடித்த கொரோனா நோயாளிகள் சைக்கிள் மிதித்த பின் தசைச் சேதம் கூடியதை 2024இல் வந்த நெதர்லாந்து ஆய்வும் காட்டியது.

அதற்காக எல்லாக் களைப்பும் இந்த நோய் அல்ல. இரத்தச்சோகை, தைரொய்ட், சீனி வருத்தம், மனச்சோர்வு எல்லாவற்றிலும் களைப்பு வரும். காரணத்தைக் கண்டு மருந்தெடுத்தால், நடையும் பெரும்பாலும் உதவும். எனவே முதலில் இரத்தம் சோதியுங்கள். என்ன வேலை செய்தீர்கள், அடுத்த இரண்டு நாளும் உடம்பு எப்படி இருந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தியரிடம் காட்டுங்கள். வேலைக்குப் பின் சரிவு வருவது தெரிந்தால், நல்ல நாளிலும் பாதி வேலையோடு நிறுத்திவிடுங்கள்.