பல்வரிசை

பல்லுக்கு முத்தை உவமை கூறுதல் தமிழ்ப் புலவர் மரபு. அம்முத்துக்குப் பெயர் பெற்றது தூத்துக்குடிக் கடற்கரை. அங்கு 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடைபெற்றது. சிப்பியில் கிடைத்த முத்துகளைச் சல்லடையில் இட்டு அளவு பிரித்து, ஒத்தவற்றைத் தேர்ந்து கோப்பது வணிகர் வழக்கம். ஆதலின் முத்துவடம் ஒழுங்காக அமையும். பற்களையோ எவரும் தேர்ந்து கோப்பதில்லை. அவை தாமே முளைக்கின்றன. ஆகவே பல்வரிசை ஆளுக்கு ஆள் வேறுபடுதல் இயல்பே.

தூத்துக்குடிக்கு வடமேற்கே உள்ள ஓட்டப்பிடாரத்துப் பள்ளி வகுப்பை நோக்கினும், தொலைவிலுள்ள சீன நாட்டுப் பள்ளி வகுப்பை நோக்கினும் இவ்வேறுபாடு காணப்படும். ஒருவருக்குப் பற்கள் சீராக நிற்கும். ஒருவருக்கு இடைவெளி விட்டிருக்கும். மற்றொருவருக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும்.

இதற்குக் காரணம் யாது? குழந்தைக்கு முளைக்கும் பாற்பற்கள் 20. ஏறத்தாழ ஆறாம் வயதில் அவை விழத் தொடங்கும், நிலைப்பற்கள் முளைக்கும். முழுமையாக முளைத்தால் அவை 32. தாடையின் அளவும் பல்லின் அளவும் பெரும்பாலும் பெற்றோர்வழி வருவன. தாடை சிறிதாய்ப் பல் பெரிதாயின் நெருக்கம் உண்டாகும். மேல்வரிசைக் கோரைப்பல், முன்பற்கள் அமைந்த பின்னர், 11 அல்லது 12ஆம் வயதிலேயே வருகின்றது. பந்திக்குப் பிந்தி வந்தவர் இடமின்றி நிற்பதுபோல், அது வரிசைக்கு வெளியே முளைப்பதும் உண்டு. அதனையே தெற்றுப்பல் என்பர். எட்டு, ஒன்பது வயதில் முன்பற்களிடையே தோன்றும் இடைவெளி, கோரைப்பல் வந்தபின் பலருக்குத் தானே மறைந்துவிடும்.

பழக்கமும் ஒரு காரணமாகும். நெடுநாள் விரல் சூப்பினால் முன்பற்கள் வெளியே தள்ளப்படும். பாற்பல் சொத்தையாகி முன்னரே விழுந்தால், அண்டைப் பற்கள் சாய்ந்து, வரவேண்டிய பல்லின் இடத்தை அடைத்துவிடும். 'விழப்போகும் பல்தானே' என்று அதனைப் புறக்கணித்தல் தவறு. நன்கு மென்று உண்பது தாடை வளர்ச்சிக்குத் துணை செய்யும் என்று அறிஞர் பலர் கருதுவர். பனை மிகுந்த இவ்வட்டாரத்துச் சிறுவர் நாருரித்து மென்று தின்னும் பனங்கிழங்கு அத்தகைய உணவே.

பல்லின் பயன் இரண்டு: மெல்லுதல், பேசுதல். மேற்பல்லும் இதழும் இயைய வகரம் பிறக்கும் என்பதைத் தொல்காப்பியர் அன்றே கண்டு கூறினார். இவ்விரண்டிற்கும் இடையூறு நேரின் பல் மருத்துவரை நாடுதல் வேண்டும். இடையூறு இல்லையெனில் நாணுதற்கு ஒன்றுமில்லை.

உடன் பயிலும் மாணவனைப் பல்லைக் காட்டி எள்ளுவோர், அவன் வாய்திறந்து பாடம் படிப்பதையும் மனம்விட்டுச் சிரிப்பதையும் தடுத்துவிடுகின்றனர். கோணிய பல்லால் ஒருவருக்கும் தீங்கில்லை. கோணிய சொல்லால் தீங்கு உண்டு.